மூன்று முத்தியால்பேட்டைகள்

சென்னை ஜார்ஜ் டவுனில் ஒரு முத்தியால்பேட்டை இருக்கிறது. காஞ்சிபுரம் மாவட்டத்தில், வாலாஜாபாத் பக்கம் இன்னொன்று. மூன்றாவது, புதுச்சேரி முத்தியால்பேட்டை. தபால்காரருக்கு 605003 என்ற பின்கோடு போதும். கூகுளில் தேடுகிறவர் பின்கோடா தட்டுவார்?

புதுச்சேரி முத்தியால்பேட்டையில், மணிக்கூண்டுப் பக்கம் ஜவுளிக்கடை வைத்திருக்கும் ஒருவர் இணையதளம் தொடங்குவதாக வைத்துக்கொள்வோம். எந்த நிறம், எந்த வடிவம் என்பதெல்லாம் பிறகு. ஊர்ப்பெயரே இங்கே பெரிய சிக்கல். 2006இல் பாண்டிச்சேரி அதிகாரப்பூர்வமாகப் புதுச்சேரி ஆனது. இன்றும் வெளியூர்க்காரர் 'பாண்டி' என்றுதான் தேடுகிறார். 'புதுவை' என்பவரும் உண்டு. முகவரியிலும் கடையின் அறிமுகத்திலும் இந்தப் பெயர்கள் இயல்பாக வந்துவிட்டால், எப்படித் தேடினாலும் கடை கண்ணில் பட வாய்ப்பு அதிகம்.

அடுத்தது எழுத்து. அச்சகத்தில் அடித்த நோட்டீஸை அப்படியே படமாக ஏற்றிவிடுகிறவர்கள் நிறையப் பேர். பார்வையற்றவருக்குப் பக்கத்தை வாசித்துக்காட்டும் மென்பொருள் அந்தப் படத்தின் முன் தடுமாறும். சரி, டி.டி.பி. சென்டரில் பாமினி எழுத்துருவில் தட்டியதை எடுத்து ஒட்டலாமா? கூடாது. பாமினி, ஆங்கில எழுத்துகளின் மேல் தமிழ் உருவத்தைப் போர்த்தியது. எழுத்துரு இல்லாத கைப்பேசியில் போர்வை விலகி ஆங்கிலக் குப்பைதான் தெரியும். தட்ட வேண்டியது யூனிகோடில். 1991இல் வந்த அந்த முறை, தமிழுக்கென்று தனி எண்களை ஒதுக்கியது. தமிழக அரசும் 2010இல் அதை ஏற்றுக்கொண்டது.

தமிழில் எழுதினால் பக்கம் கனத்துவிடும் என்று ஒரு பயம் உண்டு. கணக்குப் போட்டே பார்க்கலாம். 'முத்தியால்பேட்டை' என்பது நமக்கு 8 எழுத்து. யூனிகோடில் அகர உயிர்மெய், உயிர்க்குறி, புள்ளி எல்லாம் தனித்தனி. ஆக 16 குறிகள். குறிக்கு 3 பைட், மொத்தம் 48 பைட். கைப்பேசியில் எடுத்த ஒரு புடவைப் படமோ 4 எம்.பி. வரை போகும். ஊர்ப்பெயரை எண்பதாயிரம் தடவைக்கு மேல் எழுதினால்தான் அந்த ஒரு படத்தின் எடை வரும்! சுருக்க வேண்டியது படங்களைத்தான். அகலத்தை ஆயிரம் பிக்சல் அளவுக்குக் குறைத்தாலே எடை வெகுவாக இறங்கிவிடும்.

தளத்தின் இணைய முகவரியையும் தமிழிலேயே வைக்கலாம், அதற்கு '.இந்தியா' என்ற முடிவு இருக்கிறது. ஆங்கில எழுத்துகளை மட்டும் நம்பி 1983இல் உருவான இணையப் பெயர்முறைக்குள் பிற மொழிகளைக் கொண்டுவரும் முயற்சியில், 1998 வாக்கில் சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தின் டான் டின் வீ குழு முன்னின்றது. தமிழ் முகவரியோடு ஆங்கில முகவரி ஒன்றையும் வாங்கி வைப்பது நல்லது. இரண்டும் தளம் கட்டித்தரும் பையனின் கணக்கில் இருக்கக்கூடாது. கடைக்காரரின் சொந்த மின்னஞ்சலில் பதிவாக வேண்டும், புதுப்பிக்கும் நாள் கடைக் காலண்டரில் குறிக்கப்பட்டிருக்க வேண்டும். தவறவிட்டால், துணிப்பையில் அச்சடித்த முகவரி வேறொருவர் கைக்குப் போய்விடக்கூடும்.