ஆலை வாசலில் திரு.வி.க.

பாடியில் ஷிப்டு முடிந்து கார்டு அடித்து வெளியே வருகிறவர்களே, உங்களுக்கு ஒரு தகவல். இங்கிருந்து கிழக்கே, சற்றுத் தொலைவில் பெரம்பூர். பின்னி ஆலைத் தொழிலாளர்கள் அங்கே சாப்பாட்டு இடைவேளைகூடப் போதாமல் தவித்தார்கள். துணியும் அரிசியும் விற்றுவந்த செல்வபதி செட்டியாரும் ராமாநுஜலு நாயுடுவும் அந்தக் குறையைக் காதுகொடுத்துக் கேட்டார்கள். 1918 ஏப்ரல் 27-ல் சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தது. தலைவர் பி.பி.வாடியா.

அதில் தோள்கொடுத்தவர் திரு.வி.க. போரூர்ப் பக்கம் துள்ளம் கிராமத்தில் பிறந்தவர், பள்ளி ஆசிரியராக இருந்தவர். ‘தேசபக்தன்’, ‘நவசக்தி’ இதழ்களில் எழுதிய அதே தூய தமிழில் தொழிலாளர் கூட்டங்களில் பேசினார். அறுபது வயதைக் கடந்த பிறகும் ஒதுங்கவில்லை. 1947-ல் பின்னி வேலைநிறுத்தத்தின்போது, விடுதலைக்காகப் பாடுபட்ட அந்தப் பெரியவரை நம் அரசே வீட்டுக்காவலில் வைத்தது. நெஞ்சு கனக்கிறது.