பாதியில் நிற்கும் விண்டோஸ்: கோளாறு எங்கே?

2025 அக்டோபர் 14-உடன் விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் நிறுத்திக்கொண்டது. நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் லேப்டாப்பிலும் புது ஓ.எஸ். போட்டாக வேண்டிய கட்டாயம் பலருக்கு வந்துவிட்டது. யூடியூபைப் பார்த்து பென் டிரைவைத் தயார் செய்கிறார்கள். பாதி வழியில் ஒரு பிழைச்செய்தி வந்து எல்லாம் நின்றுவிடுகிறது. உடனே சிலர் அதையே திரும்பத் திரும்ப ஓடவிடுகிறார்கள். சிலர் கண்ணில் படும் பார்ட்டிஷன்களை எல்லாம் அழித்துப் பார்க்கிறார்கள். முதலாவதில் போவது நேரம் மட்டும்தான். இரண்டாவதில் பிள்ளைகளின் புகைப்படங்களும் சான்றிதழ்களும் போய்விடும்.

எந்தக் கட்டத்தில் நின்றது என்று பாருங்கள். பாதிக் கோளாறு அதிலேயே பிடிபட்டுவிடும்.

அதிகம் பேரைக் குழப்புவது, டிஸ்க்கைத் தேர்ந்தெடுக்கும் திரை. எஸ்.எஸ்.டி. உள்ளே நல்லபடியாக இருக்கும், பயாஸிலும் அதன் பெயர் தெரியும். விண்டோஸ் நிறுவல் திரையில் மட்டும் பட்டியல் காலியாக இருக்கும். எஸ்.எஸ்.டி. போய்விட்டது என்று பயந்து புதிது வாங்கிவிட வேண்டாம். இன்டெல் 11-ஆம் தலைமுறை ப்ராசஸரிலிருந்து பல லேப்டாப்களில் எஸ்.எஸ்.டி.யை வி.எம்.டி. என்ற கட்டுப்பாட்டு அமைப்பின் வழியாக இணைக்கிறார்கள். அதற்கான டிரைவர் நிறுவல் பென் டிரைவில் இல்லாவிட்டால், விண்டோஸுக்கு எஸ்.எஸ்.டி. கண்ணில் படாது. லேப்டாப் நிறுவனத்தின் தளத்தில் உங்கள் மாடலுக்கான இன்டெல் ரேபிட் ஸ்டோரேஜ் டிரைவரை இறக்கி, பிரித்தெடுத்து, அதே பென் டிரைவில் ஒரு ஃபோல்டரில் போடுங்கள். பிரிக்காத ஒற்றைக் கோப்பாக வைத்தால் வேலைக்கு ஆகாது. நிறுவல் திரையில் 'லோட் டிரைவர்' என்பதை அழுத்தி அந்த ஃபோல்டரைக் காட்டினால், காணாமல் போன டிஸ்க் பட்டியலில் வந்து உட்காரும். பயாஸில் வி.எம்.டி.யையே அணைத்துவிடுவது இன்னும் சுலபம். ஆனால் பழைய விண்டோஸை வைத்துக்கொள்ளும் எண்ணம் இருந்தால் அதைச் செய்ய வேண்டாம். அது நீலத்திரையோடு நின்றுவிடக்கூடும்.

டிஸ்க் தெரிகிறது, ஆனால் அது 'எம்.பி.ஆர்.' வகை, இதில் நிறுவ முடியாது என்று செய்தி வருகிறதா? பழைய பார்ட்டிஷன் முறையில் உள்ள டிஸ்க்கும் புதிய யு.இ.எஃப்.ஐ. முறையில் கிளம்பிய கணினியும் ஒத்துப்போகவில்லை என்று பொருள். எல்லாவற்றையும் அழித்து ஜி.பி.டி. என்ற புதிய பார்ட்டிஷன் முறைக்கு மாற்றச் சொல்லித்தான் பெரும்பாலோர் வழி காட்டுவார்கள். பழைய விண்டோஸ் 10 இன்னும் ஓடுகிறது என்றால், அதற்குள்ளேயே இருக்கும் 'எம்.பி.ஆர். டு ஜி.பி.டி.' கருவி, தரவை அழிக்காமலே மாற்றிக் கொடுக்கும். அப்படியிருந்தும் பேக்கப் எடுக்காமல் அதைத் தொடக்கூடாது.

கணினி தகுதியற்றது என்று விண்டோஸ் 11 மறுத்தால், பயாஸில் டி.பி.எம். என்ற பாதுகாப்பு வசதி அணைந்திருக்கிறதா என்று பாருங்கள். இன்டெல்லில் பி.டி.டி., ஏ.எம்.டி.யில் எஃப்-டி.பி.எம். என்று இருக்கும். ப்ராசஸரே பழையது என்றால் குறுக்குவழியில் ஏற்றுவதைவிட லினக்ஸ் மின்ட் போடுவது நல்லது என்பேன்.

பயாஸைத் தொடுவதற்கு முன் பிட்லாக்கரை மறக்காதீர்கள். அதனால் டிஸ்க் பூட்டப்பட்டிருந்தால், பயாஸ் மாற்றத்துக்குப் பிறகு 48 இலக்க மீட்புச் சாவியைக் கேட்கலாம். அது பெரும்பாலும் உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் இருக்கும். முதலிலேயே தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

கோப்புகள் நகலாகும்போது பாதியில் நின்றால், முதலில் இறக்கிய ஐ.எஸ்.ஓ. கோப்பைச் சந்தேகியுங்கள். மைக்ரோசாஃப்ட் தன் தளத்தில் தரும் 64 எழுத்து-எண் கொண்ட ஹேஷ் மதிப்போடு உங்கள் கோப்பின் மதிப்பை ஒப்பிட்டால், கோப்பு பழுதா என்பது தெரிந்துவிடும். அது சரி என்றால் வேறு பென் டிரைவ், வேறு யூ.எஸ்.பி. போர்ட். அதற்கும் மசியாவிட்டால் மெம்டெஸ்ட்டை ஓடவிட்டு ராமைச் சோதியுங்கள்; ஒரே ஒரு பிழை வந்தாலும் அந்த ராமை மாற்ற வேண்டியதுதான்.

டக்டக்கென்று ஹார்ட் டிஸ்க்கிலிருந்து சத்தம் வந்தால், நிறுவும் முயற்சியை அங்கேயே விடுங்கள். ஃபார்மட் செய்யாதீர்கள், மறுபடி ஆன் செய்தும் பார்க்காதீர்கள். அதிலுள்ள தரவு வேண்டும் என்றால், அப்படியே கழற்றித் தரவு மீட்பவரிடம் கொடுங்கள்.