வராத புகைக்கு விலை

சென்ற பொங்கல் விழாவில் பந்தி முடிந்து கை கழுவிக்கொண்டிருந்தபோது, நம் சங்க நண்பர் ஒருவரின் மகள் கைப்பேசியை நீட்டினாள். அவள் விமான டிக்கெட் எடுத்த இடத்தில், ‘உங்கள் பயணத்தின் கார்பனை ஈடுகட்டக் கொஞ்சம் பணம் சேர்த்துக் கட்டுகிறீர்களா?’ என்று கேட்டிருந்தது. “அங்கிள், இதைக் கட்டினா நிஜமாவே புகை குறையுமா?” என்றாள். முப்பது வருடம் இந்த வடோதராவில் கொதிகலன்களோடு குப்பை கொட்டியவன் என்பதால் என்னிடம் கேட்டாள். நின்றபடி சொல்லி முடிக்கிற விஷயமா அது? மலர்க் குழுவினர் கட்டுரை கேட்டதும் அதையே எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

1997-இல் கியோட்டோவில் செய்துகொண்ட ஒப்பந்தம் 2005 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது. பணக்கார நாடுகளுக்குப் புகையில் உச்சவரம்பு. நமக்கு வரம்பு இல்லை. ஆனால் நம் ஊர் ஆலை ஒன்று ஒரு டன் கரியமில வாயுவைக் குறைத்தால் ஒரு சான்றிதழ் கிடைக்கும். அதுதான் கார்பன் கிரெடிட். ஐரோப்பிய ஆலை அதை விலைக்கு வாங்கி, தன் வரம்புக்கு மேல் ஒரு டன் விட்டுக்கொள்ளலாம். இங்கே குறைவதும் அங்கே கூடுவதும் சரிக்குச் சரி.

ஒரே ஒரு நிபந்தனை. கிரெடிட் பணம் இல்லாமல் இங்கே அந்தக் குறைப்பு நடந்தே இருக்கக் கூடாது. ஏகாதசிக்கு எப்படியும் பட்டினி இருக்கப்போகிற பாட்டியிடம் போய், “நீங்க சாப்பிடாம இருக்கறதுக்கு நான் காசு தர்றேன், உங்க பங்கையும் சேர்த்து நான் சாப்பிட்டுக்கறேன்” என்றால் என்ன ஆகும்? பாட்டிக்குக் காசு வரும், எனக்கு இரண்டு பங்கு வரும், பானையில்தான் சோறு குறையும்.

இதை நான் புத்தகத்தில் படித்துச் சொல்லவில்லை. 2006-இல் நான் வேலை பார்த்த ஆலையில் (பெயர் வேண்டாமே) உலையிலிருந்து வீணாகப் போகும் சூட்டைப் பிடித்து நீராவியாக்கும் கொதிகலன் ஒன்றுக்கு ஆர்டர் கொடுத்தாகிவிட்டது. நிலக்கரிச் செலவு மிச்சம். மூன்று வருடத்தில் போட்ட பணம் திரும்பிவிடும். அதற்குப் பிறகுதான் மும்பையிலிருந்து ஓர் ஆலோசகர் வந்தார். ‘கார்பன் வருமானம் இல்லையேல் இத்திட்டம் கட்டுப்படியாகாது’ என்று விண்ணப்பம் தயாரானது. அதற்கேற்ற கணக்கைப் போட்டுக் கொடுத்தவன் நான். ஆர்டர் கொடுக்கும் முன்பே கார்பன் வருமானத்தை யோசித்தோம் என்பதற்கு ஒரு கூட்டக் குறிப்பு வேண்டும் என்றார்கள். முதலாளி சொல்லச் சொல்ல, பழைய தேதி போட்டு நானே தட்டச்சு செய்தேன். ஊர் மக்கள் கருத்தைக் கேட்க வேண்டும் என்பதும் விதி. பதினைந்து பேரை உட்கார வைத்து, டீயும் காட்டியாவும் கொடுத்து, ‘ஆட்சேபணை இல்லை’ என்று கையெழுத்து வாங்கினோம். நிலக்கரி குறைந்தது உண்மைதான். ஆனால் அது எப்படியும் குறைந்திருக்கும். எங்கள் சான்றிதழைக் காட்டி எங்கேயோ ஒருவர் கூடுதலாகப் புகை விட்டிருப்பார். அந்தப் புகையில் என் பங்கும் உண்டு.

இது எங்கள் ஆலையோடு நிற்கிற கதை அல்ல. ஐரோப்பிய ஆணையத்துக்காக 2016-இல் நடந்த ஓர் ஆய்வு, தான் அலசிய திட்டங்களில் 85 விழுக்காட்டுக்கு ‘பணம் வந்ததால்தான் நடந்தது’ என்று சொல்லும் வாய்ப்பு குறைவு என்றது.

இதற்கு நேர் எதிரான கதை ஒன்று நம் பக்கத்திலேயே உண்டு. பஞ்சமகால் மாவட்டம் ரஞ்சித்நகரில், ஏ.சி.க்கான குளிர்பதன வாயு தயாரிக்கும் ஆலை. இந்தியாவில் முதன்முதலாக, 2005 மார்ச்சில், இந்த முறையில் பதிவான திட்டம் அங்கேதான். எச்.சி.எஃப்.சி.-22 என்ற அந்த வாயுவைச் செய்யும்போது எச்.எஃப்.சி.-23 என்ற வேண்டாத வாயுவும் கூடவே வரும். நூறு டன்னுக்கு மூன்று டன் வாக்கில் வரும் இதன் ஒரு டன், பூமியைச் சூடாக்குவதில் 11,700 டன் கரியமில வாயுவுக்குச் சமம் என்று அன்று கணக்கு வைத்திருந்தார்கள். ஆகவே ஒரு டன்னை எரித்தால் 11,700 கிரெடிட்! எரிக்கும் செலவு கிரெடிட் ஒன்றுக்கு ஒரு யூரோகூட இல்லை. விற்ற விலையோ பத்து யூரோவுக்கும் மேல். சரக்கைவிடக் கழிவுக்கு விலை அதிகம் என்ற விநோதம். கழிவுக்காகவே சரக்கைச் செய்வார்களோ என்ற கேள்வி உலகெங்கும் எழுந்து, 2013 மே முதல் ஐரோப்பா இந்தக் கிரெடிட்டுகளை ஏற்பதை நிறுத்திக்கொண்டது.

கேலி செய்ய எளிதான கதைதான். ஆனாலும் ஒன்றைச் சொல்ல வேண்டும். அந்த வாயுவை எரிப்பதில் ஆலைக்கு வேறு லாபமே கிடையாது. பணமும் சட்டமும் இல்லையென்றால் அப்படியே வானத்தில் திறந்துவிட வேண்டியதுதான். அதாவது, எங்கள் கொதிகலனைவிட நிபந்தனைக்கு நன்றாகப் பொருந்தியது அதுதான்! தவறு, மலிவாக முடிகிற வேலைக்குக் கொள்ளை விலை கொடுத்தது. 2016 அக்டோபரில் மத்திய அரசு, இந்தக் குளிர்பதன வாயு செய்யும் ஆலைகள் எல்லாம் கழிவு வாயுவைத் தம் செலவிலேயே எரித்தாக வேண்டும் என்று ஆணையிட்டது. சான்றிதழ் இல்லை, சந்தை இல்லை. யாருக்கும் கூடுதலாகப் புகை விட உரிமையும் இல்லை.

இப்போது நம் நாட்டுக்கே ஒரு கார்பன் சந்தை வருகிறது. 2022-இல் எரிசக்திச் சேமிப்புச் சட்டத்தைத் திருத்தி, 2023-இல் திட்டத்தை அறிவித்தார்கள். சிமென்ட், அலுமினியம் போன்ற ஆலைகள் ஒரு டன் சரக்குக்கு இவ்வளவுதான் உமிழலாம் என்று இலக்கு வைத்து, அதைவிடக் குறைத்தவருக்குக் கிரெடிட் தருவது இதன் முக்கியப் பகுதி. ‘நடந்திருக்குமா, நடந்திருக்காதா’ என்ற ஜோசியம் இதில் குறைவு. இலக்கைத் தளர்த்தியாக வைத்துவிட்டால் மட்டும் பழைய கதைதான். இலக்கு இல்லாதவர்கள் தாமாக முன்வந்து ஈட்டுத் திட்டம் போடவும் தனியாக ஒரு வழி வைத்திருக்கிறார்கள். அங்கே ஜோசியம் திரும்ப வருகிறது.

அந்தப் பெண்ணுக்கு இதைத்தான் சொல்ல நினைத்தேன். டிக்கெட்டோடு கட்டும் பணம் எந்தத் திட்டத்துக்குப் போகிறது என்று பாரம்மா. பணம் நின்றால் அந்த வேலையும் நின்றுவிடுமா என்று கேள். நின்றுவிடும் என்றால் கட்டு.

எங்கள் கிரெடிட்டின் விலை 2012 முடிவில் ஒரு யூரோவுக்கும் கீழே விழுந்தது. சரிபார்க்க வருகிறவர்களின் கட்டணத்துக்கே காணாது என்று ஆலை விண்ணப்பிப்பதை விட்டுவிட்டது. கொதிகலனை மட்டும் ஒரு நாளும் நிறுத்தவில்லை. 2014-இல் நான் ஓய்வு பெற்று வெளியே வந்த அன்றும் அது ஓடிக்கொண்டுதான் இருந்தது.