மண் வீடு கட்டும் பிள்ளை

ஹட்டன், நுவரெலியா தோட்டப்புறங்களில் இடம்பெயர்ந்த குடும்பங்களின் பிள்ளைகள் மண்ணில் வீடு கட்டி, குச்சி நட்டுத் தோட்டம் போட்டு விளையாடுவதைக் காண்கிறோம். வயிற்றுப்பாட்டுக்கு வழி தேடும் பெற்றோருக்கு அது வீண் விளையாட்டாகத் தோன்றலாம். ஆனால் இழந்த வீட்டைப் பிள்ளை முதலில் மனதில்தான் கட்டுகிறது.

1964ஆம் ஆண்டு சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தத்தின் பின் எம்மவர் பலர் கப்பலில் போய் இறங்கிய ஊர் இராமேஸ்வரம். ஏ.பி.ஜே. அப்துல் கலாம் 1931இல் பிறந்ததும் அங்கேதான். ஐந்தாம் வகுப்பில் சிவசுப்பிரமணிய ஐயர் என்ற ஆசிரியர், பறவை பறக்கும் விதத்தைக் கரும்பலகையில் வரைந்து காட்டினார். பிள்ளைகளுக்கு விளங்கவில்லை. அவர் கடிந்துகொள்ளாமல் கடற்கரைக்கு அழைத்துச் சென்று, பறக்கும் பறவைகளையே காட்டினார். பறத்தல் பற்றிய ஆசை அச்சிறுவனின் மனதில் அன்று விழுந்தது. அதன் பின் பல ஆண்டுகள் படிப்பும் உழைப்பும். 1979இல் அவர் பொறுப்பில் ஏவப்பட்ட எஸ்.எல்.வி.-3 ராக்கெட் கடலில் விழுந்தது. 1980 ஜூலை 18இல் மறுபடி ஏவியபோது, ரோகிணி செயற்கைக்கோளை வானில் கொண்டு சேர்த்தது.

கனவைப் பிள்ளை காணும். அதைக் கண்முன் காட்டுவது பெரியவர்களின் கடன். உங்கள் பிள்ளை மண் வீடு கட்டினால் அருகில் அமருங்கள். “மழை பெய்தால் தண்ணீர் எந்தப் பக்கம் ஓடும்? கான் எங்கே வெட்டுவாய்?” என்று கேளுங்கள். ஒரு போத்தல் தண்ணீரை ஊற்றிப் பார்க்கட்டும். வீடு கரைந்தால் சிரிக்காதீர்கள். மறுபடி கட்டச் சொல்லுங்கள். பழைய பால்மா டின்னில் மண் நிரப்பி, நாலு போஞ்சி விதை கொடுங்கள். நமக்கென்று ஒரு துண்டு நிலம் கிடைக்கும் நாளில், அதில் என்ன செய்வதென்று அறிந்த ஒருவர் உங்கள் வீட்டிலேயே இருப்பார்.