போருக்குக் கணக்குக் கொடுப்பவர் யார்?

கல்லறைத் திருநாளன்று அரூருக்குச் சென்றிருந்தோம். கல்லறை மந்திரிப்பு முடிந்து மெழுகுதிரிகள் எரிந்துகொண்டிருந்தன. அங்கே முன்னாள் படைவீரர் ஒருவர் நம்மோடு பேச்சுக் கொடுத்தார். 1987இல் இலங்கைக்குச் சென்ற அமைதிப்படையில் இருந்தவர் அவர். உடன் சென்ற தோழர் இருவர் திரும்பவில்லை.

"அனுப்பினார்கள், போனோம், அதில் குறையில்லை ஐயா. ஏன் அனுப்பினோம் என்று எவராவது ஒருநாள் சொல்ல வேண்டாமா?" என்றார்.

அவருக்கு மறுமொழி கூற நம்மால் இயலவில்லை.

1987 ஜூலை 29 அன்று கொழும்பில் பிரதமர் இராஜீவ் காந்தியும் அதிபர் ஜெயவர்த்தனாவும் ஒப்பந்தத்தில் கையொப்பமிட்டனர். சண்டை நிறுத்தத்தை உறுதிசெய்ய இலங்கை அதிபர் இந்தியப் படையை அழைக்கலாம் என அதன் இணைப்பில் ஒரு வரி இருந்தது. மறுநாளே படை யாழ்ப்பாணத்தில் இறங்கியது. மக்கள் மாலையிட்டு வரவேற்றனர். அக்டோபர் 10 அன்று அதே படை விடுதலைப் புலிகளோடு போரில் இறங்கியது. காவற்பணி போராக மாறியபோது பாராளுமன்றத்தில் வாக்கெடுப்பு எதுவும் நடைபெறவில்லை. அம்மாதம் 21, 22 நாட்களில் யாழ்ப்பாண மருத்துவமனைக்குள்ளேயே நோயாளிகளும் மருத்துவரும் செவிலியரும் சுடப்பட்டு மாண்டனர். 1990 மார்ச் 24இல் கடைசி அணி திருகோணமலையில் கப்பலேறுமுன் ஏறத்தாழ 1,200 இந்திய வீரர் உயிரிழந்திருந்தனர். மாண்ட ஈழத்தமிழர் எத்தனை பேர் என்பதற்கு அனைவரும் ஒப்பும் கணக்கே இல்லை.

இதில் சட்டமீறல் ஏதுமில்லை என்பதுதான் வியப்பு. போர் தொடுக்குமுன் பாராளுமன்றத்தின் ஒப்புதல் வேண்டுமென நம் அரசியல் சாசனத்தின் எந்த விதியும் கூறவில்லை. அமைச்சரவை மக்களவைக்குக் கூட்டுப் பொறுப்புடையது என்னும் 75ஆம் விதியே நமக்குள்ள பிடி. அமெரிக்காவில் 1973ஆம் ஆண்டுச் சட்டப்படி, படையை ஈடுபடுத்திய 48 மணி நேரத்தில் அதிபர் அவைக்கு அறிவிக்க வேண்டும். (அதையும் வளைத்த அதிபர்கள் உண்டு.) ஜெர்மனியிலோ, 1994ஆம் ஆண்டுத் தீர்ப்பின்படி, படையைப் போர்ப்பணிக்கு வெளிநாடு அனுப்பப் பாராளுமன்ற இசைவு தேவை.

தேர்தலில் மக்கள் தீர்ப்பளிப்பர் என்பார் உண்டு. 1989இல் இராஜீவ் காந்தியின் கட்சி ஆட்சியை இழந்தது மெய்யே. ஆனால் அன்று நாடெங்கும் பேசப்பட்டது போபர்ஸ் பீரங்கி. போருக்கு மிக அருகிலிருந்த தமிழகமோ 39 தொகுதிகளில் 38ஐ காங்கிரஸ், அ.தி.மு.க. அணிக்கே அளித்தது. வாக்குச்சீட்டில் போருக்கெனத் தனிக் கட்டம் இல்லையே!

1962இல் சீனப் போரின் தோல்விக்குப் பாதுகாப்பு அமைச்சர் கிருஷ்ண மேனன் பதவி துறந்தார். ஆயினும் அத்தோல்வியை ஆராய்ந்த ஹெண்டர்சன் புரூக்ஸ் அறிக்கையை அரசு இன்றளவும் வெளியிடவில்லை. கார்கில் போர் முடிந்ததும் 1999இல் கே. சுப்பிரமணியம் தலைமையில் குழு அமைந்தது. 2000இல் அதன் அறிக்கை, சில பகுதிகள் நீங்கலாக, பாராளுமன்றத்தில் வைக்கப்பட்டது. இலங்கைப் போருக்கு அத்தகைய குழு அமைக்கப்படவில்லை. வென்ற போரை ஆராய்ந்தோம். எதற்கென்றே விளங்காத போரை மறந்தோம். இம்மறதிக்கு எல்லாக் கட்சிகளும் உடன்பட்டன என்பதே நம் கருத்து.

படை சென்னைத் துறைமுகம் வந்தபோது, அன்றைய முதலமைச்சர் கருணாநிதி வரவேற்கச் செல்லவில்லை. தமிழரைக் கொன்ற படை என்பது அவர் கூறிய காரணம். அக்காரணத்தில் நியாயம் உண்டு. ஆனால் அப்புறக்கணிப்பு சென்று விழுந்தது கட்டளையிட்டவர் மீதன்று. கப்பலிலிருந்து இறங்கியவர் மீது.

இதனை அரூர்ப் படைவீரரிடம் கூறினோம். அவர் சிரித்தார். காற்றில் அணைந்திருந்த இரு திரிகளையும் மீண்டும் ஏற்றிவிட்டு, ஊத்தங்கரைப் பேருந்துக்கு நேரமாயிற்று என்று புறப்பட்டார்.