வயிற்றுப் புண்ணும் புற்றுநோயும்: ஏன்? எப்படி?

தேவிபட்டினம் போன்ற கடற்கரை ஊர்களில் சோற்றோடு கருவாடு இல்லாத வாரம் குறைவு. கருவாட்டின் உப்பில் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. அதற்கு முன் ஒரு கிருமியின் கதை.

ஹெலிகோபாக்டர் பைலோரி. சுருண்ட உடல், முனையில் வால்கள். இரைப்பை அமிலத்தில் எந்தக் கிருமியும் தங்காது என்றே மருத்துவர்கள் நெடுங்காலம் நம்பினார்கள். இதுவோ யூரியேஸ் நொதியால் யூரியாவை உடைத்து அம்மோனியா ஆக்கி, தன்னைச் சுற்றியுள்ள அமிலத்தை முறித்து, சளிப்படலத்துக்குள் புகுந்துகொள்கிறது. 1984இல் ஆஸ்திரேலிய மருத்துவர் பாரி மார்ஷல் இந்தக் கிருமிக் கரைசலைத் தாமே குடித்தார், மனைவியிடம் முன்கூட்டிச் சொல்லாமல்! சில நாளில் வாந்தி, இரைப்பை அழற்சி. இரைப்பை அழற்சிக்கும் புண்ணுக்கும் இக்கிருமி காரணம் எனக் காட்டியதற்காக 2005இல் சக ஆய்வாளர் ராபின் வாரனோடு நோபல் பரிசு.

இதில் புற்றுநோய் எங்கே வருகிறது? இக்கிருமியின் சில வகைகள், மருந்து ஊசிபோல, காக்-ஏ என்ற புரதத்தை இரைப்பைச் செல்லுக்குள் செலுத்தி அதன் வளர்ச்சிக் கட்டளைகளைக் குழப்புகின்றன. அழற்சி பல ஆண்டுகள் நீடித்தால் அமிலச் சுரப்பிகள் தேயும். இரைப்பைச் செல்கள் குடல் செல்களின் சாயலுக்கு மாறும். அவற்றில் சில ஒழுங்கு கெட்டுப் பெருகும். கருவாட்டில் உள்ளதுபோன்ற அதிக உப்பு இரைப்பையின் சளிப்படலத்தைப் புண்ணாக்கிக் கிருமியின் வேலையை எளிதாக்கும். 1994இல் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை இக்கிருமியை முதல் வகைப் புற்றுக்காரணியாக அறிவித்தது.

தொற்று இருப்போரில் மிகச் சிலருக்கே புற்று வரும். இந்தியாவில் தொற்று பரவலாக இருந்தும் இந்நோய் அந்த அளவுக்கு இல்லை. ஆனால் டெல்லி, மும்பையைவிடச் சென்னையில் அதிகம். உணவா, கிருமி வகையா, மரபா? விவாதம் ஓயவில்லை.

மூச்சுப் பரிசோதனை, மலப் பரிசோதனை, எண்டோஸ்கோப்பி ஆகியவற்றால் தொற்றைக் கண்டறியலாம். பெரும்பாலும் 14 நாள் கூட்டு மருந்து. பாதியில் நிறுத்தினால் கிருமி மருந்துக்கு அடங்காததாகிவிடக்கூடும்.