ஐயாவின் ஒஸ்ரின்

எங்கள் வீட்டு முற்றத்தில் நிற்கும் ஒஸ்ரின் ஏ-40 கார் 1953ஆம் ஆண்டிற் பிறந்தது. வயதில் எனக்கு மூத்தது. அரசாங்க எழுதுவினைஞராயிருந்த ஐயா அதை ஒரு வைத்தியரிடமிருந்து விலைக்கு வாங்கியபோது நான் பிறந்திருக்கவில்லை. இத்தகைய கார்கள் யாழ்ப்பாணத்து வீதிகளில் இன்னும் ஓடுவதைக் கண்டு வெளியூரார் வியப்பர். எமக்கு அதில் வியப்பு ஏதுமில்லை.

அந்தக் காரின் எஞ்சினைக் கழற்றிவிட்டு மின்மோட்டார் பூட்டுவதென நான் தீர்மானித்தது 2022ஆம் ஆண்டு ஜூன் மாதக் கடைசியில். எரிபொருள் அத்தியாவசிய சேவைகளுக்கு மட்டுமே என்று அரசாங்கம் அறிவித்திருந்த நாட்கள் அவை. அதற்கு முந்திய வாரம் இரண்டு இரவுகளை எரிபொருள் வரிசையிற் கழித்துவிட்டு, அயலவர் இருவர் துணையுடன் காரைத் தள்ளிக்கொண்டு வீடு வந்து சேர்ந்திருந்தேன். மின்சாரமும் அவ்வாண்டில் மணிக்கணக்காக நின்றதே என்று வாசகர் கேட்கக்கூடும். கேட்கவேண்டிய கேள்விதான். ஆயினும் என் கூரைமேல் வெயில் விழுவதை எவரும் நிறுத்தவில்லை.

எஞ்சினைத் தூக்குவதற்காக மாமரக் கிளையிற் செயின் புளொக்கைக் கட்டிய பின்னரும், எங்கள் குடும்பத்தின் பழைய மெக்கானிக் தயங்கி நின்றார்.

“மாஸ்ரர், கழட்டிறது ஒரு நாள் வேலை. ஆனா ஐயா இருந்தா விடுவாரோ எண்டு ஒருக்கா யோசியுங்கோ.”

“பெற்றோலை முதலிலை கைவிட்டவரே ஐயாதானே” என்றேன்.

அது வெறும் வாய்ச்சமாளிப்பு அன்று. 1990ஆம் ஆண்டில் யுத்தம் மீண்டும் மூண்டபின் குடாநாட்டுக்குப் பெற்றோல் தடைசெய்யப்பட்டது, மின்சாரமும் அற்றுப்போயிற்று. சைக்கிள் டைனமோவைச் சுழற்றி வானொலி கேட்ட காலம் அது. ஐயா தமது காரை மண்ணெண்ணெயில் ஓட்டினார். அவர் மட்டுமல்லர், ஊரே ஓட்டியது. மண்ணெண்ணெய் குளிர்ந்த எஞ்சினில் ஆவியாகாது. ஆகையால் ஒரு சிறு போத்தலிற் பெற்றோலை வைத்து, காபரேற்றருக்குள் சிறிதளவு விட்டு எஞ்சினைத் தொடக்கி, அது சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றிவிடுவர். புதிய கார்கள் இதற்கு இணங்கா. அமுக்க விகிதம் தாழ்ந்த பழைய ஒஸ்ரினும் மொறிசுமே இந்தக் கொடுமையைப் பொறுத்துக்கொண்டன. வெண்புகை கக்கியபடி எங்கள் கார் அக்காலத்தில் எத்தனையோ நோயாளரை ஆஸ்பத்திரியிற் சேர்த்தது.

எஞ்சின் வெளியேறிய இடத்தில், பாரந்தூக்கும் வண்டியொன்றிலிருந்து எடுத்த பழைய நேரோட்ட மோட்டார் ஒன்றைப் பொருத்தினோம். கியர்ப்பெட்டியையும் கிளச்சையும் அகற்றவில்லை. இவ்வகை மோட்டாரிடம் ஒரு பொல்லாத குணமுண்டு: சுமையின்றி முழு மின்னழுத்தத்தில் ஓடவிட்டால் அதன் வேகம் கட்டுக்கடங்காது ஏறி, ஈற்றில் தானே சிதறிப்போகும். வகுப்பிற் பலமுறை சொல்லிக்கொடுத்த சங்கதிதான். கையருகே வைத்திருக்கும்போது அதன் பொருள் வேறு.

வேலையின் உயிர்நிலை எங்கே இருக்கிறதென்றால், மோட்டாரையும் கியர்ப்பெட்டியையும் இணைக்கும் ஓர் அலுமினியத் தகட்டில் இருக்கிறது. இருபுறத்துத் தண்டுகளும் ஒரே நேர்கோட்டிற் சுழலவேண்டும். மயிரிழை விலகினாலும் போதும், கார் முழுவதும் நடுங்கத் தொடங்கிவிடும். வேணியர் இடுக்கிமானியால் அளவு எடுத்துக் கடைச்சற் பட்டறைக்குக் கொடுத்தவன் நானே. தகடு வந்தது, பூட்டினோம், கார் காய்ச்சற்காரனைப் போல நடுங்கிற்று. பட்டறைக்காரரைக் குறைசொல்ல ஆயத்தமாகி மீண்டும் அளந்து பார்த்தால், அரை மில்லிமீற்றர் பிழை என்னுடையது. முப்பது ஆண்டுகள் பௌதிகவியல் படிப்பித்து, அளவீட்டு வழுப் பற்றி மாணவரைக் கடிந்துகொண்டவன் நான். மெக்கானிக் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் ஆறுதலாக இருந்திருக்கும். இரண்டாந் தகடு சரியாக அமைந்தது.

பற்றரி விஷயத்தில் எனக்கு ஏற்பட்ட வியப்பை மட்டும் விரிவாகச் சொல்லவேண்டும். 3.2 வோல்ற்று லிதியம் இரும்புப் பொசுபேற்றுக் கலங்கள் 30ஐத் தொடராக இணைத்தோம். மொத்தம் 96 வோல்ற்று. ஒவ்வொன்றும் 100 அம்பியர்-மணி கொள்ளும். பெருக்கிப் பார்த்தால் 9.6 கிலோவாற்று-மணி. இருவர் சேர்ந்து தூக்கவேண்டிய அந்தப் பெட்டிகளையும் ஒரு லீற்றர் பெற்றோற் போத்தலையும் அருகருகே வையுங்கள். ஒரு லீற்றர் பெற்றோலில் அடங்கிய சக்தி ஏறத்தாழ 9 கிலோவாற்று-மணி! என் சேமிப்பின் பெரும்பகுதியை விழுங்கிய பெட்டிகளுக்குள் இருப்பது ஒரு போத்தற் பெற்றோலின் சக்தியே. இதைக் கணக்கிட்ட இரவு எனக்கு நித்திரை வரவில்லை.

ஆனால் மறுநாள் கணக்கின் மற்றப் பாதியையும் எழுதினேன். அந்த ஒரு லீற்றரில் எங்கள் ஒஸ்ரின் தனது முதுமையிற் பத்துக் கிலோமீற்றர் ஓடும். எரிபொருளின் பெரும்பங்கு வெப்பமாக றேடியேற்றர் வழியாகவும் புகைக்குழாய் வழியாகவும் போய்விடும். சில்லுக்கு எட்டுவது காற்பங்கும் இல்லை. மின்மோட்டாரோ பெற்றதிற் பெரும்பங்கைச் சில்லுக்கே கொடுத்துவிடுகிறது. நிதான வேகத்தில் ஐம்பது கிலோமீற்றர் ஓடலாமென்பது என் கணக்கு. பருத்தித்துறை எங்களுக்கு 33 கிலோமீற்றர். போகலாம், திரும்புவதென்றால் அங்கே ஓர் உறவினர் வீட்டில் இரண்டு மூன்று மணி நேரம் இருந்து தேநீர் குடிக்கவேண்டும். எங்கள் ஊர்ப் பண்புக்கு அது பெரிய இடையூறன்று.

மின்சாரக் காரை நேற்று முளைத்த புதுமையென எண்ணுவோர் பலர். 1899ஆம் ஆண்டிலேயே, மணிக்கு 100 கிலோமீற்றர் வேகத்தை முதன்முதலிற் கடந்த கார் மின்சாரத்தால் ஓடியதே. ஓட்டியவர் பெல்ஜியத்து ஜெனாற்சி.

முதல் ஓட்டத்துக்கு எண்பத்தைந்து வயதான அம்மாவை முன்னாசனத்தில் ஏற்றினேன். வளவைச் சுற்றி வந்து படலையருகே நிறுத்தினேன். கார் நின்றதும் மோட்டாரும் நின்றது. ஓர் இலை விழுந்தாலும் கேட்கும். அம்மா சட்டென்று என் கையைப் பற்றினார்.

“தம்பி, நிப்பாட்டிப் போடாதை! பிறகு எடுக்கேலாது.”

எனக்கு உடனே விளங்கவில்லை. பின்னரே 1995ஆம் ஆண்டு ஒக்ரோபர் 30ஆந் திகதி இரவு நினைவுக்கு வந்தது. யாழ்ப்பாணத்தைவிட்டு முழுச் சனமும் தென்மராட்சிக்குப் புறப்பட்ட இரவு. நாவற்குழிப் பாலத்தை நோக்கிய வீதியில் மழைக்குள்ளே அடியடியாக நகர்ந்தோம். நகர்ந்த நேரத்திலும் நின்ற நேரமே அதிகம். போத்தலிற் பெற்றோல் முடிந்திருந்தது. நிறுத்தி எஞ்சின் ஆறிவிட்டால் மீண்டும் தொடக்க வழியில்லை என்பதால், ஐயா விடியும்வரை அதை நிறுத்தவேயில்லை. பின்னாசனத்தில் மூச்சு முட்டிக் கிடந்த என் பாட்டியை மடியில் வைத்திருந்தவர் அம்மா. அவருக்கு அந்த எஞ்சினின் இரைச்சல்தான் அன்று இருந்த ஒரே உறுதி.

கிளச்சைத் தொடாமலே மெல்ல மிதித்தேன். கார் ஓசையின்றி நகர்ந்தது. அம்மா கையை எடுக்கவில்லை. மூன்றாவது சுற்றிலேதான் எடுத்தார்.

கார் இன்னும் படலைக்கு வெளியே போகவில்லை. பதிவுப் புத்தகத்தில் எரிபொருள் ‘பெற்றோல்’ என்றே இருக்கிறது; எஞ்சின் இலக்கமும் பழையதே. அவற்றை மாற்றி எழுதுவித்தாலன்றி வீதியில் இறக்குவதில்லை என்றிருக்கிறேன். விண்ணப்பம் எழுதி அனுப்பியாயிற்று.

எஞ்சினைப் பழைய இரும்புக்கு விற்கவில்லை. பின்வளவுக் கொட்டிலில், பனங்குற்றிகள்மேல் இருக்கிறது. சனிக்கிழமை தோறும் மெக்கானிக் வந்து, பிளக்குகளைக் கழற்றி, துளைகளுக்குள் இரண்டு சொட்டு எண்ணெய் விட்டு, கைப்பிடியால் நாலு சுற்றுச் சுற்றி வைத்துவிட்டுப் போகிறார். கூலி கொடுத்தால் வாங்குகிறாரில்லை.